லிண்ட்டர் சொன்னதும் சீனியர் கேட்டதும்: கோட் ரிவ்யூ கமெண்ட்டுகளுக்குப் பதில் சொல்வது எப்படி

நாம் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் வந்த கமெண்ட்டை யார் எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர் அதைப் படிக்கவே தொடங்குகிறோம். லிண்ட்டர் மாதிரி, நிரலைத் தானாகப் படித்துக் குறை சொல்லும் கருவி எழுதியதா? யோசிக்காமல் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம், அல்லது பத்தோடு பதினொன்று என்று தள்ளிவிடுகிறோம். டீம் லீட் எழுதியதா? நெஞ்சு படபடக்கிறது. உடனே நீளமாக விளக்கம் எழுத உட்காருகிறோம், இல்லையென்றால் "சரி அண்ணா, மாத்திடறேன்" என்று ஏன் எதற்கு என்றே கேட்காமல் மாற்றிவிடுகிறோம்.

என் வேலை பணப் பரிவர்த்தனை சார்ந்த சர்வர் நிரல்களில். பெரும்பாலும் பைத்தான், கொஞ்சம் கோ. புதிதாகச் சேர்பவர்களின் புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் கோரிக்கைகளை, பார்ப்பதிலேயே என் நாளில் பெரும்பகுதி போகிறது; அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். கருவி சொல்வது ஒரு கூற்று; அது உண்மையா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும். மனிதர் எழுதுவது பெரும்பாலும் ஒரு கேள்வி. கேள்விக்குறி போடாமல் கட்டளை மாதிரி எழுதியிருந்தாலும், ‘எனக்கு இது புரியவில்லை’ என்பதுதான் அதன் அடியில் இருக்கும். அதற்கான பதில் நிரலுக்குள் போய்ச் சேர வேண்டும். நாம் செய்வதோ தலைகீழ். கருவிக்குக் கீழ்ப்படிகிறோம், மனிதரோடு வாதாடுகிறோம்.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வடிவம் பற்றிய பேச்சை மனிதரிடம் போக விடாதீர்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். இடைவெளி, வரி நீளம், இம்போர்ட் வரிசை, ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா போன்ற எதையும் ரிவ்யூ செய்பவர் கண்ணால் பார்க்கும் நிலை இருக்கக் கூடாது. கோ மொழி 2009 இல் வெளிவந்தபோதே, நிரலின் வடிவத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் அதனுடன் வந்துவிட்டது. அது தரும் வடிவம் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் கோஃபம்ட்டை எல்லாருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னதை கோ எழுதுபவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2017 இல் வந்த பிரிட்டியரும், பைத்தானுக்கு 2018 இல் வந்த பிளாக்கும் அதே வழிதான். கமிட் செய்யும்போதே, அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும்போதே, தானாக ஓடும்படி ஒரு ஹுக் வைத்துவிடுங்கள்.

அதையும் மீறி ஒரு சீனியர் வடிவம் பற்றிக் கமெண்ட் போட்டால், திருத்திவிட்டு, "இதை லிண்ட்டரில் ஒரு விதியாகச் சேர்த்துவிடலாமா?" என்று கேளுங்கள். சேர்க்கலாம் என்றால் அந்தக் கமெண்ட் இனி யாருக்கும் வராது. வேண்டாம் என்றால் அது அவருடைய தனிப்பட்ட விருப்பம் என்பது இரண்டு பேருக்கும் தெளிவாகிவிடும். கூகுள் 2019 இல் பொதுவெளியில் வைத்த ரிவ்யூ வழிகாட்டியில், இப்படிப்பட்ட சின்ன விஷயங்களுக்கு முன்னால் ‘நிட்’ என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதியவர் விரும்பினால் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். எங்கள் டீமிலும் அதைப் பின்பற்றுகிறோம். ‘நிட்’ என்று பார்த்தாலே புதியவர்கள் மூச்சு விடுவது எனக்கு இங்கிருந்தே கேட்கும்.

எச்சரிக்கை வந்தால், விதியின் விளக்கத்தைப் படித்துவிட்டுத் திருத்துங்கள்

ரஃப், பைலிண்ட், ஈஎஸ்லிண்ட், சோனார்கியூப் என்று கருவி எதுவானாலும், ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண்ணோ பெயரோ இருக்கும். அதைத் தேடினால் ஒரு பக்க விளக்கம் கிடைக்கும். படிக்க மூன்று நிமிடம் போதும். அந்த மூன்று நிமிடத்தைச் செலவழிப்பவருக்கும் செலவழிக்காதவருக்கும் ஒரே வருடத்தில் எவ்வளவு தூரம் விழுந்துவிடுகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் உதாரணம். ஆர்டரில் பொருள்களைச் சேர்க்கும் ஒரு பைத்தான் ஃபங்ஷன். அதன் இரண்டாவது ஆர்குமெண்ட்டுக்கு இயல்பு மதிப்பாக (அழைப்பவர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வெற்று லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். ‘மாறக்கூடிய ஒன்றை இயல்பு மதிப்பாக வைக்காதே’ என்கிறது லிண்ட்டர். விளக்கத்தைப் படிக்காதவர் வெற்று லிஸ்ட்டை எடுத்துவிட்டு ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று போடுவார், உள்ளே ஓர் இஃப் நிபந்தனை வைத்துப் புது லிஸ்ட் உருவாக்குவார். எச்சரிக்கை போய்விடும், நிரலும் சரியாகிவிடும். எல்லாம் நலம் போலத் தெரியும்.

ஆனால் அவருக்குத் தெரியாமல் போனது ஒன்று இருக்கிறது. அந்த வெற்று லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாவதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் அந்த ஒரு நேரத்தில் ஒரே ஒருமுறை உருவாகிறது. அதன் பிறகு எல்லா அழைப்புகளும் அதே லிஸ்ட்டைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. முதல் வாடிக்கையாளர் வாங்கியது இரண்டாவது வாடிக்கையாளரின் பில்லில் வந்து நிற்கும். சொந்த மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. நிற்காமல் ஓடும் சர்வரில்தான் படும். இது தெரியாதவர் அடுத்த வாரம் வேறொரு ஃபங்ஷனில் இயல்பு மதிப்பாக ‘இப்போதைய நேரம்’ என்று கொடுப்பார். சர்வர் தொடங்கிய நேரமே அன்றைய எல்லாப் பரிவர்த்தனைக்கும் பதிவாகும். முதல் எச்சரிக்கையும் இதுவும் ஒரே பாடம்தான் என்பது விளக்கத்தைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பிழை என்று கருவி சொன்னால், திருத்துவதற்கு முன் அந்தப் பிழையைக் காட்டும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். மேலே சொன்னதற்கு, ஃபங்ஷனை இரண்டுமுறை அழைத்து இரண்டாவது லிஸ்ட்டின் நீளத்தைப் பார்த்தால் போதும். டெஸ்ட் தோற்பதைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் திருத்துங்கள். எல்லா எச்சரிக்கைக்கும் இது தேவையில்லை. பயன்படாத இம்போர்ட்டுக்கு எதற்கு டெஸ்ட்? நிரல் தவறாக நடந்துகொள்ளும் என்று சொல்லும் எச்சரிக்கைகளுக்குச் செய்யுங்கள்.

எண்ணைச் சமாதானப்படுத்துவது திருத்தம் ஆகாது

சோனார்கியூப் ஒரு ஃபங்ஷனைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதை ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறது. இயல்பான வரம்பு 15. அதைத் தாண்டினால் எச்சரிக்கும். ரீஃபண்ட் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் இப்படி வரம்பைத் தாண்டியபோது, எழுதியவர் அதை நடுவில் வெட்டி ‘ரீஃபண்ட் பகுதி ஒன்று’, ‘ரீஃபண்ட் பகுதி இரண்டு’ என்று பெயரிட்ட இரண்டு ஃபங்ஷன்களாக ஆக்கியிருந்தார். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒன்பது மாறிகள் போயின. கருவி பச்சை காட்டியது. படிப்பவருக்கோ முன்பு ஒரு பக்கத்தில் இருந்த குழப்பம் இப்போது இரண்டு பக்கத்தில்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஃபங்ஷன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டருக்கு ரீஃபண்ட் தரலாமா? தரலாம் என்றால் எவ்வளவு? எந்த வழியில் திருப்பி அனுப்புவது? அந்த மூன்று கேள்விகளின் பெயரிலேயே மூன்று ஃபங்ஷன்கள் பிறந்தன. எண் தானாக இறங்கியது. எண் உயர்ந்திருக்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். என்ன இருக்கிறது என்பதைக் கருவி சொல்லாது.

இரண்டு சம்பவங்கள், இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள்

கருவியை அலட்சியம் செய்பவர்களுக்கு நான் சொல்வது ஆப்பிளின் ‘கோட்டூ ஃபெயில்’ பிழை, 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனை யார் என்று சரிபார்க்கும் நிரலில், ‘கோட்டூ ஃபெயில்’ என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டுமுறை வந்துவிட்டது. முதல் வரி இஃப்புக்குள் அடங்கும். இரண்டாவது வரி இஃப்புக்கு வெளியே, எப்போதும் ஓடும். அதனால் அதற்குக் கீழே இருந்த கையெழுத்துச் சோதனை ஓடவே இல்லை. இரண்டு வரியும் ஒரே அளவு உள்தள்ளி இருந்ததால் கண்ணுக்கு உறுத்தாது. ஒருபோதும் ஓடாத நிரல் இருக்கிறது என்று எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் அப்போதே இருந்தது. ஆனால் அது தனியாகக் கேட்டால்தான் வரும். ‘எல்லா எச்சரிக்கையும்’ என்ற பொருளில் பெயர் வைத்த தேர்வைப் போட்டாலும் வராது. மனிதக் கண் எங்கே வழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நம் கண்ணை நம்பிக் கருவியை அணைத்து வைப்பதில் பெருமை எதுவும் இல்லை.

மறுபக்கம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவிக்கு எப்படிப் பதில் சொல்லக் கூடாது, மனிதரிடம் எப்படிக் கேட்கக் கூடாது என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் ரகசியச் சாவிகளை உருவாக்க ரேண்டம் எண்களைத் தயாரிக்கும். அந்த நிரலை வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டினால், மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துகிறாய் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வரும். அதற்குக் காரணம் இரண்டு இடங்களில் இருந்த கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஒரு வரி. ஓர் இடத்தில் அந்த வரி உண்மையிலேயே உதிரி. எடுத்தாலும் பெரிய நட்டமில்லை. பியூரிஃபை என்ற இன்னொரு கருவி இதைக் குறை சொல்கிறது என்று அந்த இடத்தில் குறிப்பே எழுதியிருந்தார்கள். மற்ற இடத்திலோ, வெளியிலிருந்து சேகரித்த கணிக்க முடியாத தகவல் அனைத்தும் அந்த ஒரு வரி வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே குறிப்பு எதுவும் இல்லை.

டெபியனுக்காக அந்தப் பொதியைப் பராமரித்தவர் 2006 இல் இரண்டு வரிகளையும் முடக்கினார். கேட்காமல் செய்துவிடவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேட்டார். பிழை தேட உதவுமென்றால் எடுத்துவிடலாம் என்ற பொருளில் பதில் வந்தது. சோதனைக்காகக் கேட்கிறார் என்று பதில் சொன்னவர் நினைத்திருக்க இடம் உண்டு. லட்சக்கணக்கான மெஷின்களுக்குப் போகப்போகிற மாற்றம் என்ற வகையில் அந்தத் திருத்தத்தை யாரும் வரி வரியாகப் பார்க்கவில்லை.

எச்சரிக்கை நின்றது. அத்துடன் சாவிகளில் இருந்த ரேண்டம் தன்மையும் நின்றது. கணிக்க முடியாததாக மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் ப்ராசஸ் எண் ஒன்றுதான். அதற்கு இயல்பான அமைப்பில் 32,768 மதிப்புகள்தான். டெபியனிலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உருவான சாவிகளை உட்கார்ந்து எண்ணிவிடலாம் என்ற நிலை. 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. 2015 இல்கூட அந்தப் பலவீனமான சாவிகளை வைத்துக்கொண்டு கிட்ஹப் கணக்குகளைப் பயன்படுத்துபவர்கள் இருந்தார்கள்.

இதில் வால்கிரைண்ட் பொய் சொல்லவில்லை. அது சொன்னது கூற்றளவில் சரி. ‘இந்த வரியை எடு’ என்று அது சொல்லவில்லை. நாம்தான் அப்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

இதிலிருந்து என் டீமில் மூன்று வழக்கங்களை வைத்திருக்கிறேன். எச்சரிக்கை வந்த வரியை நீக்கித்தான் அதை அடக்குகிறீர்கள் என்றால், அந்த வரி ஏன் இருந்தது என்று கமிட் செய்தியில் எழுத வேண்டும். எழுத முடியவில்லையென்றால் நீக்கக் கூடாது. இரண்டாவது, மனிதரிடம் கேட்கும்போது இரண்டு வரியை மட்டும் வெட்டி ஒட்டிக் கேட்காதீர்கள். முழு ஃபங்ஷனையும் காட்டி, இந்த மாற்றம் எங்கே போகப்போகிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள்: "புரொடக்‌ஷனுக்குப் போகிறது, எல்லா வாடிக்கையாளருக்கும்." அந்த ஒரு வாக்கியம் எதிரில் இருப்பவர் படிக்கும் விதத்தையே மாற்றிவிடும். மூன்றாவது, எச்சரிக்கை தவறு என்று உறுதியானால் அந்த வரிக்கு மட்டும், அந்த விதிக்கு மட்டும் விலக்குக் குறிப்பு போடுங்கள், பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். ஃபைல் முழுவதற்குமான விலக்கை நான் மெர்ஜ் செய்வதில்லை, அதாவது முதன்மை நிரலோடு சேர்ப்பதில்லை. கோ மொழியில் விலக்குக் குறிப்புக்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஒரு லிண்ட்டர் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

எரிச்சல் வந்தால் மூடிவிட்டுப் போகாதீர்கள்

கருவி மேல் வரும் எரிச்சல் பல நேரம் நியாயமானது. ஃபேஸ்புக்கில் இன்ஃபர் என்ற பகுப்பாய்வுக் கருவியை முதலில் தனியாக ஓட்டி, கிடைத்த பிழைகளைப் பட்டியலாக நிரலாளர்களிடம் கொடுத்தார்கள். திருத்தியவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை. அதே கருவி அதையே புதிய மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பும் நேரத்தில், அந்த வரியின் பக்கத்திலேயே கமெண்ட்டாகச் சொன்னபோது 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன. பொய் எச்சரிக்கைகளின் விகிதம் மாறவில்லை. சொன்ன நேரமும் இடமும்தான் மாறின. அதைக் கட்டியவர்களே 2019 இல் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் எழுதியதைப் பற்றி இன்று கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அதே வரியைக் கையில் வைத்திருக்கும்போது கேட்டால் திருத்துவது சுலபம்.

கூகுளில் ட்ரைகார்டர் என்ற அமைப்பு ரிவ்யூவில் கருவிகளின் கமெண்ட்டுகளைக் காட்டுகிறது. ஒவ்வொரு கமெண்ட்டிலும் ‘பயனில்லை’ என்று அழுத்த ஒரு பொத்தான். பத்து சதவீதத்துக்கு மேல் பயனில்லை என்று ஆகும் சோதனைகளைச் சரிசெய்யும்வரை நிறுத்திவைக்கலாம். பொய் எச்சரிக்கைக்கு அவர்கள் சொல்லும் வரையறை எனக்கு மிகவும் பிடித்தது. கருவி சொன்னது தொழில்நுட்பப்படி சரியாகவே இருக்கட்டும். அதைப் பார்த்த நிரலாளர் எதுவும் செய்யவில்லை என்றால் அது பொய் எச்சரிக்கைதான். இன்னொரு பொத்தானும் உண்டு, ‘தயவுசெய்து திருத்து’. ரிவ்யூ செய்யும் மனிதர் அதை அழுத்தினால் கருவியின் கூற்று ஒரு மனிதரின் வேண்டுகோளாக மாறிவிடும்.

உங்கள் அலுவலகத்தில் அப்படிப் பொத்தான் இருக்காது. ஆனால் ஒரு விதி அடிக்கடி தேவையில்லாமல் கத்துகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் மௌனமாகத் தள்ளாதீர்கள். உதாரணங்களோடு டீமில் சொல்லி அந்த விதியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்றால், எல்லா எச்சரிக்கையையும் தள்ளும் பழக்கம் கைக்கு வந்துவிடும். உண்மையான ஒன்று வரும்போதும் கை அதையே செய்யும்.

லினக்ஸ் கெர்னலுக்கு வரும் மாற்றங்களைச் சோதிக்கும் கருவி செக்பேட்ச். கெர்னலின் ஆவணங்களிலேயே, இது ஒரு வழிகாட்டிதான், மனித முடிவுக்கு மாற்று அல்ல, விதியை மீறினால்தான் நிரல் நன்றாக இருக்கிறதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறது. வரி 80 எழுத்தைத் தாண்டினால் எச்சரித்துக்கொண்டிருந்ததை 2020 இல் 100 ஆக உயர்த்தினார்கள். விதிகளை மாற்றலாம், மாற்றுவார்கள். கேட்டால்தான் மாறும்.

ஏஐ எழுதும் ரிவ்யூ

கிட்ஹப் காப்பைலட்டின் ரிவ்யூ 2025 ஏப்ரலில் கட்டணச் சந்தாதாரர் எல்லாருக்கும் வந்துவிட்டது. அதுபோல இன்னும் பல. இவற்றோடு புதியவர்கள் படும் பாடு வேறு மாதிரி. லிண்ட்டர் மொட்டையாகப் பேசும், அதனால் சந்தேகப்பட முடிகிறது. இது சீனியர் மாதிரியே பேசுகிறது: பாராட்டுகிறது, காரணம் சொல்கிறது, மாற்று நிரலும் தருகிறது. மனிதர் சொன்னதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. சிலர் அதற்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுதுவதையும் பார்க்கிறேன்.

மொழி எப்படி இருந்தாலும் அது கருவிதான். கூற்றாகவே நடத்துங்கள். ‘இங்கே மதிப்பு நன் ஆக இருந்தால் உடைந்துவிடும்’ என்று சொல்கிறதா? நன் வரும்படி ஒரு டெஸ்ட் எழுத முயலுங்கள். எழுத முடிந்து, அது தோற்றால், கருவி சொன்னது சரி, நன்றியோடு திருத்துங்கள். இரண்டு அடுக்கு மேலேயே நன் தடுக்கப்பட்டுவிடுகிறது, அந்த டெஸ்ட்டை எழுதவே வழியில்லை என்றால், ‘உள்ளீடு இந்த இடத்தில் சரிபார்க்கப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதி மூடுங்கள். அந்த வரி கருவிக்கல்ல, பின்னால் படிக்க வரும் மனிதருக்கு. அது பரிந்துரைக்கும் ஃபங்ஷன் நூலகத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஆவணத்தில் பாருங்கள். இல்லாத ஃபங்ஷனையும் அதே நம்பிக்கையோடு எழுதும்.

இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூல மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்பதாகப் பல தடவை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதே ஸ்டென்பெர்க் 2025 இல், ஏஐ கருவிகளைக் கொண்டு ஒருவர் கண்டுபிடித்து அனுப்பிய பிழைப் பட்டியலைப் பாராட்டினார். அதிலிருந்து பல திருத்தங்கள் கர்லில் சேர்ந்தன. கருவி சொன்னதை அப்படியே கடத்துபவரிடமிருந்து வருவது வேறு, நிரல் தெரிந்த ஒருவர் கையில் கருவி இருக்கும்போது வருவது வேறு. நீங்கள் அந்த இரண்டாமவராக இருங்கள். கருவி தந்த மாற்று நிரலை ஒரே சொடுக்கில் ஏற்கும் பொத்தானை அழுத்தும் முன், அதை உங்கள் கையால் எழுதியிருந்தால் விளக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிவ்யூவில் "காப்பைலட் சொன்னது" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. உங்கள் பெயரில் மெர்ஜ் ஆகிறது, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மனிதர் கேட்டால்

இப்போது எனக்கு மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

மைக்ரோசாஃப்ட்டில் ரிவ்யூ எப்படி நடக்கிறது என்று ஆல்பெர்ட்டோ பக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் ஆராய்ந்து 2013 இல் எழுதினார்கள். ரிவ்யூ எதற்கு என்றால் பிழை கண்டுபிடிக்க என்பதே முதல் பதிலாக வந்தது. உண்மையில் எழுதப்பட்ட கமெண்ட்டுகளை வகைப்படுத்தினால் பிழை பற்றியவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நிரலைச் செம்மையாக்குவது பற்றியவைதான் அதிகம். ரிவ்யூ செய்பவருக்குப் பெரிய சிரமம், மாற்றத்தையும் அதன் காரணத்தையும் புரிந்துகொள்வது. என் அனுபவமும் அதேதான். மனிதர் எழுதும் கமெண்ட்டில் பாதிக்கு மேல் ‘புரியவில்லை’ என்பதன் வெவ்வேறு வடிவங்கள்.

ஒரு சின்ன கமெண்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பணம் வசூலிக்கும் ஒரு ஃபங்ஷன். ‘தொகை’ என்று ஓர் ஆர்குமெண்ட், அது ஒரு முழு எண். எல்லா லிண்ட்டரும் பச்சை, மதிப்புகளின் வகை பொருந்துகிறதா என்று பார்க்கும் டைப் செக்கரும் பச்சை, டெஸ்ட்டும் பச்சை. ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "இது ரூபாயா, பைசாவா?"

ரேஸர்பே போன்ற, பணம் வசூலித்துத் தரும் கேட்வேக்கள் தொகையைப் பைசாவில்தான் வாங்குகின்றன. 500 ரூபாய் வசூலிக்க 50000 என்று அனுப்ப வேண்டும். எழுதியவருக்கு அது தெரியும், சரியாகவே எழுதியிருந்தார். அதனால் "பைசாதான், கேட்வே ஆவணத்தில் இருக்கிறது" என்று பதில் எழுதி, இணைப்பும் கொடுத்து, அந்தக் கமெண்ட்டின் த்ரெட்டை (உரையாடலை) மூடிவிட்டார். மரியாதையான பதில், உண்மையான பதில். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த ஃபங்ஷனை அழைக்கப்போகிறவர் அந்த த்ரெட்டைத் தேடிப் படிக்கமாட்டார். அவர் 500 என்று அனுப்புவார். வாடிக்கையாளரிடம் ஐந்து ரூபாய் மட்டும் வசூலாகும். அல்லது, ஏற்கெனவே பைசாவில் இருக்கும் எண்ணை இன்னொரு தடவை நூறால் பெருக்கிவிடுவார்.

நான் அவரிடம் சொன்னது: கேள்வி கேட்டவர் அனுபவமுள்ளவர், அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. நிரல் சரியாக இருந்தும் அந்த விஷயத்தைத் தன் வாயால் சொல்லவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ‘தொகை’ என்ற பெயரை ‘பைசாவில் தொகை’ என்று மாற்றினார். அப்புறம் நாங்கள் பைசாவுக்கென்றே தனி டைப் ஒன்று உருவாக்கினோம். இனி ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தால் டைப் செக்கரே தடுக்கும். ஒரு மனிதரின் கேள்வி பெயரானது, அப்புறம் கருவி பார்த்துக்கொள்ளும் விதியானது. நல்ல ரிவ்யூ கமெண்ட் போக வேண்டிய பாதை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே, மனிதரின் கமெண்ட்டுக்கு த்ரெட்டில் மட்டும் பதில் எழுதுவதைக் குறையுங்கள். முதலில் பெயரை மாற்றிச் சொல்ல முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் நிரலின் அமைப்பால், அதுவும் முடியாவிட்டால் நிரலுக்குள் ஒரு குறிப்பால். அதன் பிறகு த்ரெட்டில் ‘இன்ன கமிட்டில் மாற்றியிருக்கிறேன்’ என்று ஒரு வரி போதும்.

ரிவ்யூ செய்தவர் தவறாகப் புரிந்துகொண்டு கமெண்ட் போட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும். "நீங்கள் சரியாகப் படிக்கவில்லை" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். எந்த இடத்தில் அவர் வழி தவறினார் என்று பாருங்கள். அடுத்து வருபவரும் அங்கேயே தவறுவார்.

உடன்பாடு இல்லையென்றால்? சொல்லுங்கள். சீனியர் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர் அலுவலகங்களில் இது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணா, அக்கா, சார் என்று கூப்பிட்டுவிட்டு "அது சரியில்லை" என்று எழுதக் கை வராது. அதனால் நபரை விட்டுவிட்டு எடுத்துக்காட்டை முன்வையுங்கள்: "நீங்கள் சொன்னபடி இருப்பைக் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்தால், ரீஃபண்ட் ஆன பிறகும் பழைய இருப்பு ஒரு நிமிடம் தெரியும். அது பரவாயில்லையா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, கேட்டவரும் யோசித்தாக வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் த்ரெட் நீண்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பேசுங்கள், அல்லது கால் போடுங்கள். பேசி முடித்ததும் என்ன முடிவு, ஏன் என்று த்ரெட்டில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பின்னால் படிப்பவருக்கு விவாதம் பாதியில் அறுந்து கிடக்கும்.

வெறும் ‘ஏன்?’ என்று ஒற்றைச் சொல் கமெண்ட் வந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது. உண்மையிலேயே ஏன் என்று தெரியாமல் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். ரிவ்யூ செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: ‘ஏன்?’ என்று மட்டும் எழுதாதீர்கள், ‘இங்கே ஏன் கியூ வைத்தோம்? நேரடியாக அழைத்தால் என்ன சிக்கல்?’ என்று எழுதுங்கள். புதியவர் ஒருவரின் ஒரு மாலைப்பொழுது நிம்மதியாகப் போகும்.

நடைமுறையில் இன்னும் சில. ரிவ்யூ ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய கமிட்டுகளை மாற்றி எழுதி ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். ஏற்கெனவே பார்த்தவர் எது புதிது என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பார். திருத்தங்களைத் தனிக் கமிட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், மெர்ஜ் செய்யும்போது ஒன்றாக்கிக்கொள்ளலாம். கருவி போட்ட கமெண்ட்டை நீங்களே மூடலாம். மனிதர் போட்டதை, திருப்தியா என்று பார்த்து அவரே மூடட்டும். மனிதரை ரிவ்யூவுக்குக் கூப்பிடும் முன் கருவிகள் எல்லாம் பச்சையாக இருக்கட்டும். சிவப்பாக இருக்கும்போதே கூப்பிட வேண்டி வந்தால் காரணத்தை விளக்கத்தின் முதல் வரியில் சொல்லிவிடுங்கள்.

கருவி ஒன்று சொல்ல, மனிதர் வேறொன்று சொன்னால்

நடக்கும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் (அது என்ன செய்கிறது என்ற விளக்கக் குறிப்பு) கேட்கும் லிண்ட்டர்; பெயரையே திரும்பச் சொல்லும் டாக்ஸ்ட்ரிங் எதற்கு, எடுங்கள் என்று சீனியர். புதியவர் நடுவில் மாட்டிக்கொண்டு எடுப்பதும் சேர்ப்பதுமாக நாளைக் கழிப்பார்.

இங்கே மனிதர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அதே புல் ரிக்வெஸ்ட்டில் லிண்ட்டர் அமைப்பை மாற்றாதீர்கள். அந்த வரிக்கு மட்டும் காரணத்தோடு விலக்கு போட்டு உங்கள் வேலையை மெர்ஜ் செய்யுங்கள். பிறகு விதியை மாற்ற ஒரு தனி புல் ரிக்வெஸ்ட் திறந்து, கேட்ட சீனியரையே ரிவ்யூவராகப் போடுங்கள். தனிப்பட்ட ஃபங்ஷன்களுக்கு டாக்ஸ்ட்ரிங் வேண்டாம், வெளியே தெரியும் ஃபங்ஷன்களுக்கு வேண்டும் என்பது போன்ற ஒரு நடுவழி அங்கேதான் கிடைக்கும். விதி மாறியதும் நீங்கள் போட்ட விலக்குக் குறிப்பை எடுத்துவிட மறக்காதீர்கள். பயன்படாத விலக்குக் குறிப்பைக் கண்டுபிடித்துச் சொல்ல ரஃப்பிலேயே ஒரு விதி இருக்கிறது.